சோடாவின் தலைக்குத் தண்ணீர்

இது நான் பார்த்ததல்ல. அலுவலகத்தில் என் பக்கத்து மேசை அக்காவிடம் அவருடைய சித்தப்பா மகள் சண்முகவடிவு ஒருநாள் சொல்லியிருக்கிறார். அக்கா என்னிடம் சொன்னார். இரண்டு வாய் மாறி வந்த விஷயம். வடிவின் மனதுக்குள் ஓடியது எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டால், அவர் சொன்னதாக அக்கா சொன்னதை வைத்துக்கொண்டு மிச்சத்தை நானாக நிரப்பினேன் என்பதுதான் பதில். நான் பறவை வளர்த்ததில்லை.

மஞ்சளும் வேப்பிலையும் போட்ட பித்தளைச் சட்டியைப் பால்கனி வெயிலில் வைத்தபோது மணி பதினொன்று. அக்கினி நட்சத்திரத்து வெயில், ஒரு மணிக்குள் தண்ணீர் கை பொறுக்கும் சூட்டுக்கு வந்துவிடும், ஒரு மணிக்கு ஊற்றினால் மூன்று மணிக்குள் காய்ந்துவிடும், மூன்றரைக்குப் பிள்ளை சஹானா வந்துவிடுவாள். நாளைக்கு வர வேண்டியவள். தேனியில் வாலிபால் பயிற்சி முகாம் ஒருநாள் முன்னதாகவே முடிந்துவிட்டதாம், காலையில் போன் வந்தது. வடிவு விரல் மடக்கிப் பார்த்தாள், நேரம் சரியாகத்தான் வந்தது, ஆனாலும் மறுபடி மடக்கினாள். உள்ளே கூடத்தில், ஜன்னலோரம் கூண்டுக்குள் சோடா உட்கார்ந்திருந்தது. உட்கார்ந்திருந்தது என்று சொல்வதா, ஒட்டிக்கொண்டிருந்தது என்று சொல்வதா. நீலமும் வெள்ளையுமாக, கடையில் தொங்கவிட்ட சோடா பாட்டில் மாதிரி பளபளவென்றிருந்த பறவை. லவ் பேர்ட்ஸ் என்று ஒற்றைப் பறவையையும் இந்த ஊரில் பன்மையில்தான் சொல்கிறார்கள். இப்போது வாலில் ஒரு இறகு, கழுத்தில் வழுக்கை, கன்னத்துத் தோல் ரோஸாகத் தெரிகிறது, ரோஸ்கூட இல்லை, உரித்த கோழியின் நிறம். வடிவுக்கு அதைப் பார்க்கையில் ஒரு சந்தோஷம் வந்தது. வந்த உடனே அதை அமுக்கினாள். அழகெல்லாம் கொட்டிப்போனால் எல்லாரும் என்னை மாதிரிதான் என்று நினைத்தாளே, அதை யார் கேட்டிருப்பார்கள். சுவரில் மாலை போட்ட படத்துக்குள் சஹானாவின் அம்மா சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்பு யாரையும் எதுவும் கேட்பதில்லை. அவள் இறந்துபோன மாதத்தில்தான் பிள்ளைக்குப் பேச ஆளில்லையே என்று அப்பா குருநாதன் இந்தப் பறவையை வாங்கி வந்தாராம். அதற்கு ஒன்றரை வருஷம் கழித்து வடிவு இரண்டாந்தாரமாக வந்தாள். ஆக, இந்த வீட்டில் சோடா அவளுக்கு மூத்தது.

இறகு உதிர்வது பிள்ளை கிளம்பும் முன்பே தொடங்கிவிட்டது. பிரிட்ஜ் கதவில் நோட்டுத்தாள் ஒட்டிவிட்டுப் போயிருக்கிறாள், குண்டு குண்டான எழுத்து. இறகு கொட்டும், பயப்படாதீங்க. தினமும் அவிச்ச முட்டை ஒரு ஸ்பூன். தண்ணி லேசா ஸ்ப்ரே. கையில எடுக்காதீங்க, கடிக்கும். மேலே யாருக்கு என்று எழுதவில்லை. ஏழு மாதமாக அவள் வடிவை எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அடுப்படி வாசலில் வந்து நிற்பாள், வடிவு திரும்பிப் பார்க்கும்வரை நிற்பாள், பிறகு சொல்ல வந்ததைச் சொல்வாள். மரியாதைக் குறைவே கிடையாது, எல்லாம் ‘ங்க’தான், அந்த ‘ங்க’வுக்கு முன்னால் மட்டும் ஒன்றும் இருக்காது. அந்தத் தாளில் ‘பயப்படாதீங்க’ என்ற சொல்லை வடிவு எத்தனை தடவை படித்திருப்பாள். எனக்காக எழுதிய சொல். இல்லை, பறவைக்காக எழுதிய சொல். நான் பயந்தால் பறவைக்கு ஆகாது என்று எழுதிய சொல். முதல் மூன்று நாள் முட்டை அவித்து வைத்தாள். நான்காம் நாள் காலையில் கூண்டுத் துணியை விலக்கியபோது சோடாவின் தலையில் முள் முள்ளாக, வெள்ளை வெள்ளையாக ஏதோ கிளம்பியிருந்தது. உச்சியில், கண்ணுக்கு மேலே, அலகைச் சுற்றி. வடிவின் கை துணியைப் பிடித்தபடி நின்றுவிட்டது. அவளுக்கு அது தெரியும். எங்கே பார்த்தாலும் தெரியும். முத்து.

அன்றே தாளிப்பை நிறுத்தினாள். முட்டையை நிறுத்தினாள். வாசலில் வேப்பிலை செருகினாள், கூண்டுக்குள் வேப்பிலை பரப்பினாள், மேலே ஒரு கொத்தைக் கட்டித் தொங்கவிட்டாள். குருநாதன் தாளிக்காத பருப்பையும் சோற்றையும் பார்த்துவிட்டு, “ஏன்டி, கிளிக்கு வந்தா எனக்குமா பத்தியம்?” என்றார். “சத்தமாப் பேசாதீங்க, காதுல விழும்.” “யார் காதுல, கிளி காதுலயா?” அவர் சிரித்துக்கொண்டேதான் சாப்பிட்டார், டிப்போவில் நாளெல்லாம் பஸ்ஸுக்கடியில் படுத்துக் கிடந்துவிட்டு வருகிறவர், எதைப் போட்டாலும் சாப்பிடுவார். கை கழுவும்போது சொன்னார்: “பாத்துக்க. அதுக்கு ஒண்ணு ஆச்சுன்னா என்னால பிள்ளைக்குப் பதில் சொல்ல முடியாது.” என்னால என்றார். நம்மால இல்லை. அந்தச் சொல் வடிவின் மனதில் கறிவேப்பிலைக் காம்பு பல்லிடுக்கில் மாட்டியதுபோல மாட்டிக்கொண்டது, நாக்கு அங்கேயே போய்ப் போய் வந்தது. என்னால பதில் சொல்ல முடியாது. அப்படியென்றால் பதில் அவர் சொல்ல வேண்டியது. செய்தது மட்டும் நான். செத்தால் நான் கொன்றது, பிழைத்தால் அது தானாகப் பிழைத்தது. ஊரில் அந்தக் கதை ஏற்கெனவே எழுதித் தயாராக இருக்கிறது, என் பெயரைப் போட வேண்டியதுதான் பாக்கி. மூத்தாள் பிள்ளை ஆசையாக வளர்த்ததை இரண்டாவதாக வந்தவள் பட்டினி போட்டாள். எவ்வளவு சின்னக் கதை. சொல்ல அரை நிமிஷம் ஆகாது. தெருவில் காய்கறி வண்டிக்காரனுக்குக்கூடப் புரியும்.

கீழ்வீட்டு பாக்கியம் மதினிக்கு மூக்கிலேயே செய்தி போய்விட்டது. “என்ன வடிவு, ரெண்டு நாளா மேல இருந்து கடுகு வாசமே காணோம்? புருசன் பொண்டாட்டி சண்டையா?” “இல்ல மதினி. ஆத்தா வந்துருக்கா.” “ஐயையோ, யாருக்கு, அண்ணனுக்கா?” “சோடாவுக்கு.” “எந்தச் சோடா?” “அந்த லவ் பேர்ட்ஸு மதினி.” மதினி படிக்கட்டுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். “கிளிக்கு அம்மையா! வெளிய சொல்லிடாதடி, தெருவே சேந்து கூழு ஊத்தச் சொல்லும்.” சிரித்தபடியே மேலே வந்து கூண்டுக்குள் குனிந்தவள் அப்படியே அடங்கிப்போனாள். முந்தானையை இழுத்துத் தோளைப் போர்த்திக்கொண்டாள். “ஆமாத்தா. முத்து முத்தாவுல்ல போட்டுருக்கு. கோழிக்கு வரும்ல, அதே மாதிரி. பிள்ள எப்ப வருது?” “சனிக்கிழம.” “தலைக்குத் தண்ணி ஊத்தாம பிள்ளைய உள்ள விட்றாத, சொல்லிட்டேன். நாலு எடத்துல படுத்து எந்திரிச்சு, வெயில்ல ஆடிட்டு வர்ற வயசுப்பிள்ள. ஆத்தா கோவக்காரி. கிளிய விட்டுட்டுப் பிள்ள மேல ஏறிக்கிட்டான்னா? நீ வந்த வீட்ல இப்பிடி ஆச்சுன்னா?” நீ வந்த வீட்டில். மதினி கெட்டவள் இல்லை. நல்லவர்கள் சொல்லும்போதுதான் அது ஆழமாகப் போகிறது.

மணி பதினொன்றரை. தண்ணீரில் விரலைவிட்டுப் பார்த்தாள், மேலே சூடு, அடியில் சில்லென்று. போன் அடித்தது. சஹானா. “ஹலோ. நான்தான். பஸ் ஏறிட்டோம்.” பின்னால் பெண்பிள்ளைகள் கத்திப் பாடும் சத்தம். “சாப்ட்டியாம்மா?” “ம். சோடா எப்படி இருக்கு?” “நல்லா இருக்கு.” “முட்டை வெச்சீங்களா?” “வெச்சேன்.” “தின்னுச்சா?” “கொஞ்சம்.” “மஞ்சக்கருவு மட்டும்தான் திங்கும். வெள்ளைய ஒதுக்கிரும்.” “ஆமாம்மா, ஒதுக்கி வச்சிருச்சு.” போனை வைத்த பிறகு வடிவு தன் வாயைத் தொட்டுப் பார்த்தாள். கேட்டதற்கு ஒரு பொய் போதாதா, ஒதுக்கி வைத்த வெள்ளைக்கருவையுமா பார்த்தேன். தலையில் முத்து இருப்பதைச் சொல்லியிருக்கலாம். வெளியூரில் இருக்கிற பிள்ளையிடம் ஆத்தா பேரை எடுக்கக் கூடாது, எடுத்தால் கூடவே வருவாள் என்பார்கள். அது மட்டும்தானா. சொன்னால் அவள் என்ன செஞ்சீங்க என்று கேட்பாள். அந்த ‘ங்க’வைத் தாங்கலாம். அதற்கு முன்னால் உள்ள ‘என்ன செஞ்ச’வைத் தாங்க முடியாது.

முட்டை. இந்தச் சனியனுக்கு முட்டைதான் வேண்டும். வெள்ளைத் தட்டில் மஞ்சளாக உதிர்த்த முட்டை. வடிவு கண்ணை மூடினால் தட்டு இருக்காது, உள்ளங்கை இருக்கும், பதினொரு வயதில் அவளுடைய உள்ளங்கை, அதில் தோலுரித்த முட்டை சுடச்சுட. சாத்தூருக்குப் பக்கத்தில் அவர்கள் வீடு. தம்பி அழகருக்கு ஐந்து வயது. வேப்பிலைப் படுக்கையில் உடம்பெல்லாம் முத்தோடு கிடந்தான், சொறியாமல் இருக்க இரண்டு கையையும் பழைய வேட்டித் துணியால் சுற்றியிருந்தார்கள். அம்மா தீப்பெட்டி ஆபீசுக்குப் போயிருந்தாள். அக்கா முட்டை, அக்கா முட்டை என்றான். கோழி அன்றைக்குத்தான் இட்டிருந்தது. ஒரே ஒரு முட்டைதானே. வீட்டு அடுப்பில் அவித்தால் குற்றம் என்று பின்பக்கம் கல்லைக் கூட்டி, சுள்ளி எரித்து, தகர டப்பாவில் அவித்தாள்; அப்படிச் செய்தால் ஆத்தாவுக்குத் தெரியாது என்று அந்த வயதில் ஒரு கணக்கு. கையைச் சுற்றியிருந்ததால் அவளேதான் ஊட்டினாள். நக்கி நக்கித் தின்றான். நல்லா இருந்துச்சுக்கா என்றான். மூன்றாம் நாள் போய்விட்டான். அம்மா நெஞ்சில் அடித்துக்கொண்டு, எங்கயோ சுத்தம் கொறஞ்சுபோச்சே, எங்கயோ சுத்தம் கொறஞ்சுபோச்சே என்று ஒரு வருஷம் அழுதாள். கண்டுபிடிக்க அடுப்படியைக் கழுவினாள், தொழுவத்தைக் கழுவினாள், தன்னையே திட்டிக்கொண்டாள். வடிவு சொல்லவில்லை. இருபத்து மூன்று வருஷமாகச் சொல்லவில்லை. சளியினால்தான், நெஞ்சில் சளி கட்டித்தான் போயிருப்பான் என்று பின்னால் ஒரு நர்ஸ் சொன்னாள், முட்டையால் யாரும் சாவார்களா என்று. இருக்கலாம். இருக்கலாம்தான். ஆனால் அந்த நர்ஸ் அவன் தின்றதைப் பார்க்கவில்லை. இன்னொரு முறை, இன்னொரு முத்துப் போட்ட வாய்க்குள், இந்தக் கையால்? பிள்ளை ஆயிரம் எழுதி வைக்கட்டும். அவளுக்குப் பதினாறு வயது, போனில் படித்தது. எனக்கு இந்தக் கை.

சோடா கூண்டுக் கம்பியில் கழுத்தை வைத்துத் தேய்த்தது. பிறகு முதுகுக்குத் திரும்பி எதையோ பிடித்து இழுத்தது, ஒரு வெள்ளைத் துகள் பறந்தது. மூன்றாம் நாள் தினை வைக்கப் போனபோது கட்டைவிரலைக் கடித்துத் தொங்கியதே, அப்போது என்ன சொன்னேன். செத்துத் தொலை என்றேன். சும்மா சொல்வதுதான், பாலை நக்கும் பூனையை, வராத கரண்டை, எல்லாவற்றையும் சொல்வதுதான். ஆனால் அடுத்த நாள் காலையில் முத்து. என் வாய்தான் கூப்பிட்டதா. கூப்பிட்ட வாயே இப்போது தாயே போய்விடு என்கிறது. எவ்வளவு வெட்கங்கெட்ட வாய். அதைவிட வெட்கங்கெட்டது ஒன்று இருக்கிறது, அதையும் நினைத்துவிடலாம், யாரும் இல்லை, படத்தைத் தவிர. இது செத்தால் நல்லது என்று ஒரு கணம் தோன்றியது. பிள்ளை அழுவாள், நான் பிடித்துக்கொள்வேன். ஏழு மாதத்தில் அவளை நான் தொட்டதில்லை, தலையில் எண்ணெய் வைக்கக்கூட விட்டதில்லை. அழுகிற பிள்ளை யார் தோள் என்று பார்க்காது. அப்படித் தோன்றியது. உடனே, செத்தால் அவள் என் பக்கமே திரும்ப மாட்டாள் என்றும் தோன்றியது. இரண்டில் எது உண்மை என்று தராசில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள் வடிவு, முட்கள் முளைத்த அந்தத் தலைக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு, கொலைகாரி மாதிரி, இல்லை, கொலைகாரிக்காவது ஒரு தீர்மானம் இருக்கும்.

பன்னிரண்டே முக்காலுக்குத் தண்ணீர் பதமாகிவிட்டது. அடிவரை ஒரே சூடு. வடிவு சட்டியை உள்ளே கொண்டுவந்து கதவைச் சாத்தினாள், மின்விசிறியை நிறுத்தினாள், ஜன்னலையும் அடைத்தாள். வெயில் ஜன்னல் விளிம்பில் ஒரு கோடாக நின்றது. கூண்டுக்குள் கையை விட்டபோது சோடா மூலைக்கு ஓடியது, சிறகை அடித்தது, நகம் கம்பியில் கிறீச்சிட்டது. பிடித்தாள். பிடியில் ஒன்றுமே இல்லை. இவ்வளவுதானா நீ. இவ்வளவு நாளாக நான் பயந்தது இவ்வளவுக்கா. ஒரு சூடு, அதற்குள் படபடவென்று ஒரு துடிப்பு, அவ்வளவுதான். தாயே, குழந்தை மேல வராத, எதுவா இருந்தாலும் இங்கயே எறங்கிப் போயிரு. முதல் கை தண்ணீரைத் தலையில் விட்டாள். சோடா வாயைத் திறந்தது, சத்தம் வரவில்லை. இரண்டாவது. மூன்றாவது. மஞ்சள் தண்ணீர் முட்களுக்கு நடுவே ஓடி, கழுத்து வழுக்கையில் இறங்கி, அவள் மணிக்கட்டு வழியாக முழங்கைக்குப் போனது. மிச்சமிருந்த இறகெல்லாம் உடம்போடு ஒட்டிக்கொள்ள, அது பறவையாகவே இல்லை, குச்சியில் சுற்றிய ஈரத்துணி.

ஊற்றி முடித்ததும் மடியில் துண்டை விரித்து அதில் வைத்தாள். ஓடவில்லை. கடிக்கவில்லை. நடுங்கியது. கொஞ்ச நேரம் கழித்து அவள் கைப்பக்கம் இரண்டு எட்டு நகர்ந்து, தலையைக் குனிந்தது. நன்றாகக் குனிந்து, உச்சியை அவள் கட்டைவிரல் நகத்தில் கொண்டுவந்து முட்டியது. கண்ணை மூடிக்கொண்டது. நகத்தின் விளிம்பில் அந்த முள் ஒன்று நறுக்கென்று பட்டது. லேசாகச் சுரண்டிவிடச் சொல்லி விரல் தானாகவே கேட்டது. சுரண்டினால் என்ன. நகம் படக் கூடாது, நகம் பட்டால் முத்து உடையும், உடைந்தால் தழும்பு, தழும்பு இல்லை, உடைந்தால் உள்ளே இறங்கும். அழகரும் இப்படித்தான், சுற்றிய கையைத் தூக்கித் தூக்கி, அக்கா ஒரே ஒரு தடவை சொறிஞ்சு விடுக்கா. அன்று இளகியது போதும். வடிவு விரலை விலக்கினாள். வேப்பிலைக் கொத்தை எடுத்து மெல்ல வருடினாள். பறவை இலையிலிருந்து தலையை இழுத்துக்கொண்டது. மறுபடி நகத்தைத் தேடி வந்தது. விலக்கினாள். மூன்றாம் தடவையும் வந்தது, குனிந்தது, மூடிய கண்ணோடு காத்திருந்தது. “வேணாம் சாமி,” என்றாள் சத்தமாக, “வேணாம், சொன்னாக் கேளு.” துண்டோடு தூக்கிக் கூண்டுக்குள், வேப்பிலை மேல் வைத்துக் கதவைக் கொளுவினாள். தன் கையை மடக்கி அக்குளுக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள், அதுவாக ஏதாவது செய்துவிடும் என்பதுபோல.

இரண்டரைக்குப் பார்த்தபோது சோடா சாய்ந்து கிடந்தது. மூன்றே முக்காலுக்குச் சஹானா பையைத் தோளில் மாட்டியபடியே கூண்டுக்கு முன்னால் நின்றாள். உடனே அழவில்லை. “ஏன் மஞ்சளா இருக்கு?” என்று கேட்டாள். “தலைக்குத் தண்ணி ஊத்துனேம்மா,” என்றாள் வடிவு, “உனக்கு ஒண்ணும் ஆகக் கூடாதுன்னு.” சஹானா பறவையைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். தாழ் போடும் சத்தம் கேட்டது. வடிவு கதவுக்கு இந்தப் பக்கம் நின்றாள். நிற்கலாம், உட்காரலாம், எதுவும் சொல்ல வேண்டியதில்லை. அடுப்படிக்குப் போய், ஐந்து நாளில் முதல் தடவையாக, எண்ணெய் காயவைத்துக் கடுகு போட்டாள்.

நான் பிறகு ஒரு கால்நடை மருத்துவரிடம் கேட்டேன். ஒருவர் சொன்னதை மட்டும் வைத்து எழுதப் பயமாக இருந்ததால், பறவை விற்கும் ஒருவரிடமும் கேட்டேன். எதனால் செத்தது என்று பார்க்காமல் சொல்ல முடியாது என்றுதான் இருவரும் சொன்னார்கள். மற்றதில் அவர்களுக்குச் சந்தேகம் இல்லை. அந்த வெள்ளை முட்கள் புது இறகுகள். உறைக்குள் சுருண்டிருக்கும், உறை உடையும்வரை அரிக்கும். உடம்பில் முளைப்பவற்றைப் பறவை தன் அலகாலேயே கோதி உடைத்துக்கொள்ளும். தலையில் முளைப்பவை அதன் அலகுக்கு எட்டாது. இணைப்பறவைதான் உடைத்துவிட வேண்டும். தனியாக வளர்கிற பறவை சில சமயம் அதற்காகத் தலையைக் குனிந்து மனிதக் கையிடம் காட்டும். எல்லாக் கைகளிடமும் காட்டாது.